தலையிற் பூசும் மருந்து உள்ளே செல்லுமா?

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விருப்பமான ஒரு பொருளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் எழுதியிருந்தார். கல்வி, ஒழுக்கம், தாய்மொழி என்று பெரிய பொருள்களைப் பேச இம்மேடைக்குத் தகுந்தவர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டதோ தலைமயிர். பின் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. முன் வரிசையிற் பெரியோர் சிலர் தம் தலையை மெல்லத் தடவிப் பார்ப்பதும் தெரிகிறது. சிரிப்பதில் தவறில்லை. ஆனால் ஹட்டன் கடைவீதியில் நின்று மருந்துக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளைச் சற்று நோக்குங்கள். மயிர் வளர்க்கும் தைலம், மயிர் உதிராத சவர்க்காரம், துளித் துளியாய் விடும் மருந்து, நுரையாய் வரும் மருந்து என்று வரிசை வரிசையாய் நிற்கின்றன. கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் இரண்டு மூன்று நாட் சம்பளம் ஒரு சிறு போத்தலுக்குள் அடைபட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். அப்படி வாங்கிய மருந்து தலைக்குள் போகிறதா, தலையணைக்குப் போகிறதா என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் கண்ணுக்குத் தெரியும் மயிர் உயிரற்றது. நகத்தைப் போன்றது. அதற்கு எதைப் பூசினாலும் அது பளபளக்கும், மென்மையாகும், ஆனால் வளராது. உயிருள்ள பகுதி வேர். அது தோலின் கீழே ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் ஆழத்திற் குமிழ் போலத் திரண்டு, கொழுப்புப் படைக்குள் அமர்ந்திருக்கிறது. நான்கு மில்லிமீற்றர் என்றால் ஒரு நெல்மணியின் நீளத்துக்கும் குறைவு. மருந்துக்கோ அது நெடும்பயணம்.

ஏனென்றால் தோல் என்பது உள்ளே விடுவதற்காக ஏற்பட்டதன்று, தடுப்பதற்காக ஏற்பட்டது. அதன் மேற்படை இறந்துபோன உயிரணுக்களால் ஆனது. நம் மலைச் சரிவுகளில் மண் சரியாதபடி கல்லுக்கட்டுக் கட்டியிருக்கிறார்கள் அல்லவா? அதைப் போல, தட்டையான உயிரணுக்கள் கல்லாக அடுக்கப்பட, அவற்றினிடையே கொழுப்புப் பொருள்கள் சாந்தாக நிரம்பியிருக்கின்றன. இந்தச் சுவரின் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பிற் பாதிக்கும் குறைவு. அத்தனை மெல்லிய சுவர்தான் நம்மை மழையிலும் பனியிலும் காக்கிறது. வாரக்கணக்கில் அட்டன் மழையில் நனைந்தும் நாம் ஊறிப் பருத்துப் போகாமலிருப்பது அதன் தயவால்.

இச்சுவரைக் கடக்க ஒரு பொருளுக்குச் சில தகுதிகள் வேண்டும். அதன் மூலக்கூறு சிறிதாக இருக்க வேண்டும். ஐந்நூறு டால்ற்றன் எடைக்கு மேற்பட்டவை தோலைக் கடப்பது அரிது என்று 2000ஆம் ஆண்டில் இரு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். கொழுப்பிலும் ஓரளவு கரைய வேண்டும், நீரிலும் ஓரளவு கரைய வேண்டும். விளம்பரங்களில் வரும் பெரும் புரதங்களெல்லாம் இந்தத் தேர்விலேயே தோற்றுவிடுகின்றன. கெரற்றின், கொலாஜன் என்று பெயர் பொறித்த போத்தல்கள் மயிரின் புறத்தைப் பூசி மெழுகலாம். அவை வேருக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறவர் ஒரு கூடைக் கொழுந்தை ஊசிக் கண்ணுக்குள் நுழைக்க நினைப்பவர்.

ஆயினும் தலைத்தோலுக்கு ஒரு சிறப்பு உண்டு. 1967இல் அமெரிக்காவில் பெல்ட்மன், மைபாக் என்னும் இருவர் ஒரே மருந்தை உடலின் பல இடங்களிற் பூசி, எவ்வளவு உள்ளே சென்றது என்று அளந்தனர். முன்கைத் தோல் ஒரு பங்கை ஏற்றால், தலைத்தோல் மூன்றரைப் பங்கையும் நெற்றி ஆறு பங்கையும் ஏற்றன. உள்ளங்காலோ ஒரு பங்கில் ஏழிலொன்று அளவே ஏற்றது. தலையில் மயிர்க்கால்கள் நெருங்கியிருப்பது இதற்கு ஒரு காரணம். மலையிற் கான் வெட்டி வைத்தால் மழைநீர் சரிவில் ஓடாமல் கானில் இறங்குவது போல, மயிர்க்கால் வழியே மருந்து கீழே இறங்க ஒரு குறுக்குப் பாதை கிடைக்கிறது. கான் அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதைக் கான் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த எண்ணெயும் பொடுகும் அழுக்கும் சேர்ந்து மயிர்க்காலின் வாயை மூடுகின்றன.

இனி மருந்துக்கு வருவோம். பூசுவதால் மயிர் வளரும் என்று முறையான சோதனைகளில் நிலைநிறுத்தப்பட்டவை மிகச் சில. அவற்றில் முதன்மையானது மினொக்ஸிடில். இது மயிருக்காகப் பிறந்த மருந்தே அன்று. அமெரிக்காவின் அப்ஜோன் கம்பனி உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக இதைச் செய்தது. 1979இல் அங்கே அனுமதி கிடைத்தது. மாத்திரை உண்டவர்களுக்கு வேண்டாத இடங்களிலெல்லாம் மயிர் முளைத்தது. அதைக் கண்டு, திரவமாக்கித் தலையிற் பூசிப் பார்த்து, 1988இல் நூற்றுக்கு இரண்டு பங்குத் திரவத்துக்கு அனுமதி பெற்றார்கள். இன்று ஐந்து பங்குத் திரவமும் நுரையும் உலகெங்கும் விற்கின்றன. இதன் மூலக்கூறு எடை ஏறக்குறைய 209. ஆகவே சுவரைக் கடக்கும் தகுதி உண்டு. இருந்தும், பூசியதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கும் சற்றுக் குறைவாகவே சராசரியாக இரத்தத்தை அடைகிறது.

இதைக் கேட்டவுடன் இளைஞர் ஒருவர், “அப்படியானால் மிகுதி தொண்ணூற்றெட்டுப் பங்கும் வீண்தானே, எப்படியாவது கூட்ட வேண்டாமா?” என்று கேட்கக்கூடும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். இரத்தத்துக்குப் போவது வேறு, வேருக்குப் போவது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவது கூடினால் அது பழைய இரத்த அழுத்த மருந்தின் வேலையைத் தொடங்கிவிடும்: நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், கால் வீங்கும். ஒரு மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு இருமுறை என்று எழுதியிருந்தால் அதற்குமேல் ஊற்றுவதால் மயிர் விரைந்து வளராது. வெயிலிற் காய்ந்து சிவந்த தோலிலும், சொறிந்து புண்ணான தோலிலும் பூசலாகாது. அங்கே சுவர் இடிந்திருக்கிறது.

அளவைக் கூட்டாமல், பூசும் முறையைத் திருத்தினாலே போதிய பயன் கிடைக்கும். மருந்து மயிருக்கன்று, தோலுக்கு. ஆகவே வகிடு எடுத்து, தோல் தெரியும்படி பிரித்து, அங்கே துளியை விட்டு விரலாற் பரப்ப வேண்டும். தலை உலர்ந்திருக்க வேண்டும். திரவத்தில் மதுசாரமும் புறோப்பிலீன் கிளைக்கோல் என்னும் கரைப்பானும் இருக்கின்றன. மதுசாரம் ஆவியாகப் பறந்ததும் எஞ்சிய கரைசல் செறிவடைகிறது. செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் நகரும் என்பது 1855இலேயே பிக் என்பார் வகுத்த விதி. அச்செறிவுதான் மருந்தைச் சுவருக்குள் தள்ளுகிறது. ஈரத்தலையிற் பூசினால் செறிவு குலைந்து மருந்து நீரோடு வழிந்துவிடும். பூசியபின் நான்கு மணி நேரமாவது தலையை நனைக்கக் கூடாது. இரவிற் படுக்குமுன் உடனே பூசினால் பாதி தலையணைக்குத்தான். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பூசுவது நல்லது. புறோப்பிலீன் கிளைக்கோல் சிலருக்கு அரிப்பைத் தரும். அவர்களுக்கு அஃதில்லாத நுரை வகை பொருந்தும்.

இன்னொரு செய்தி. லயத்துக் காம்பராக்களில் குழந்தைகள் தகப்பன் மார்பிலும் தோளிலும் தலைசாய்த்து உறங்குவது வழக்கம். மருந்து பூசியவரின் தோலில் ஒட்டிக்கிடந்த கைக்குழந்தைகளுக்கு உடலெங்கும் மயிர் அடர்ந்து வளர்ந்ததை ஐரோப்பாவிற் கண்டு, 2024இல் அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரிக்கை விடுத்தது. பூசியவர் கை கழுவ வேண்டும். பூசிய இடத்திற் குழந்தை ஒட்டாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இம்மருந்தைத் தொடாதிருப்பதே முறை. பூனை வளர்ப்போரும் கவனிக்க. பூனைக்கு இது கொடிய நஞ்சு.

உட்புகலைக் கூட்ட விஞ்ஞானிகள் எடுத்த முயற்சிகள் பல. அவற்றில் மூன்றைச் சொல்வோம். ட்ரெட்டினோயின் என்ற மருந்து தோலின் மேற்படையை மெலிவிக்கும். அதைச் சேர்த்துப் பூசியபோது மினொக்ஸிடில் உடலுக்குட் புகுவது ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று என்று 1990இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஆனால் அந்த மூன்று மடங்கும் இரத்தத்துக்குப் போனதன் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. வைத்தியர் கண்காணிப்பின்றி இதைச் செய்வது தக்கதன்று.

பெர்லின் நகரத்துச் சாரிற்றே மருத்துவமனை ஆய்வாளர், சாயமூட்டிய நுண்துகள்களைத் தோலிற் பூசித் தேய்த்துப் பார்த்தனர். தேய்த்தபோது மயிர் அசைய, மயிரின் மேலுள்ள செதில்கள் பல்லுச் சக்கரம் போல வேலை செய்து துகள்களை மயிர்க்காலுக்குள் ஆழமாய் இறக்கின. நம் பாட்டிமார் எண்ணெயை வைத்துவிட்டு அரை மணி நேரம் தேய்த்தது மூடப்பழக்கம் என்று நகைத்த படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, நம் அயல்நாட்டில் நடந்தது. மும்பையில் லோகமான்ய திலகர் மாநகர மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரச்சிதா துராத்தும் அவர் குழுவினரும் நூறு ஆண்களை இரு பிரிவாக்கினர். எல்லாரும் ஐந்து பங்கு மினொக்ஸிடில் பூசினர். ஒரு பிரிவினர்க்கு மட்டும் வாரம் ஒருமுறை ஒன்றரை மில்லிமீற்றர் நுண்ணூசிகள் பதித்த உருளையைத் தலையில் உருட்டினர். 12 வாரத்தின் பின் எண்ணிப் பார்த்தபோது, மருந்து மட்டும் பூசியவர்க்கு அளவிட்ட இடத்திற் சராசரி 22 மயிர் கூடியிருந்தது. ஊசியும் சேர்ந்தவர்க்கு 91. இது 2013இல் வெளியாயிற்று. அதன்பின் உலகமெங்கும் உருளை விற்பனை ஓங்கிற்று.

ஆனால் அந்த ஆய்வை முழுதும் படித்தவர் எத்தனை பேர்? ஊசி உருட்டிய நாளில் மருந்து பூசவேயில்லை. ஒரு நாள் கழித்தே மறுபடி தொடங்கினர். ஆகவே துளை வழியே மருந்து பாய்ந்ததால் மட்டுமே மயிர் வளர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. சிறு காயம் ஆறும்போது தோல் வெளியிடும் வளர்ச்சிப் பொருள்களும் வேரை எழுப்பியிருக்கக்கூடும். அங்கே நடந்தது மருத்துவமனையில், சுத்தம் செய்த கருவியால். இங்கே நடப்பது என்ன? கடையிலோ இணையத்திலோ வாங்கிய ஓர் உருளையை நண்பர் மூவர் மாறி மாறி உருட்டி, இரத்தம் கசியும் தலையில் உடனே மருந்தை ஊற்றுகிறார்கள். ஒருவர் இரத்தம் இன்னொருவர் இரத்தத்தோடு கலப்பதால் வரக்கூடிய ஈரல் அழற்சி முதலிய நோய்களை நினைத்தால், வழுக்கை எவ்வளவோ மேல்.

தோலைக் குத்தி மருந்து பூசும் எண்ணம் புதியதன்று என்பதும் சொல்லத்தக்கது. இந்திரலுப்தம் எனும் மயிருதிர்வுக்குத் தோலைக் கீறிக் குன்றிமணியை அரைத்துப் பூசும் முறை சுசுருத சங்கிதையில் உண்டு. முன்னோர் சுவரையும் அறிந்திருந்தார்கள், அதைத் திறக்கவும் அறிந்திருந்தார்கள். அதற்காக எவரும் வீட்டிற் குன்றிமணி அரைக்கப் புறப்பட வேண்டாம். அதன் நஞ்சு உயிரைக் குடிக்கவல்லது. கீறிய தோல் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியாது.

இந்திரலுப்தம் என்றதும் புழுவெட்டு நினைவுக்கு வருகிறது. வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து வழவழப்பான தோல் தெரியும் நோயை நம்மவர் அவ்வாறு அழைப்பர். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் காவற்படை தன் சொந்த மயிர் வேரையே பகைவனென்று தாக்குவதால் வருவது அது. களிம்பு போதிய ஆழத்துக்கு இறங்காதபடியால் வைத்தியர் மருந்தை அவ்விடத்திலேயே சிறு ஊசியால் ஏற்றுவார். பிள்ளைகளின் தலையிற் படரும் படர்தாமரையும் அத்தகையதே. பூஞ்சணம் மயிருக்குள்ளேயே குடியிருப்பதால் பூசும் களிம்பு எட்டாது. வாய்வழி மருந்து வாரக்கணக்கில் வேண்டும். களிம்பையே மாதக்கணக்கிற் பூசிக் காத்திருந்தால் சில பிள்ளைகளுக்கு அவ்விடம் நிரந்தர வழுக்கையாகிவிடும்.

இன்னும் ஒன்று: மருந்து வேருக்குப் போனாலும் வேலை முடிந்ததாகாது. மினொக்ஸிடில் அங்குள்ள ஒரு நொதியினால் வேறொரு வடிவம் பெற்ற பின்னரே செயற்படும். அந்நொதி குறைந்தவர்க்கு எத்தனை திறமையாகப் பூசினும் பயன் சிறிதே. நான்கு மாதம் ஒழுங்காகப் பூசிப் பார்த்தல் வேண்டும். முதற் சில வாரங்களில் மயிர் முன்னிலும் கொட்டலாம். பழைய மயிரைத் தள்ளிப் புதியது வருவதன் அடையாளம் அது. நிறுத்தினாற் சில மாதங்களில் பழைய நிலையே. இவற்றையெல்லாம் விற்பவர் சொல்வதில்லை.

இளைஞர்களுக்கு இவ்வளவு போதும். நாம் இங்கே பேச வந்ததற்கு உண்மையான காரணம் தாய்மார்கள்.

மலையிற் கூடை சுமக்கும் பெண்களின் தலையை நோக்கியவர் எத்தனை பேர்? நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு அழுந்தும் கோட்டில், மயிர் மெலிந்து தோல் பளபளப்பதை நாம் பலரிடம் கண்டிருக்கிறோம். பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து கேட்கும் தோட்டத்தில், நிறைந்த கூடையை மடுவத்துக்கு இறக்கும்வரை அந்தப் பாரம் முழுவதும் கயிற்றின் வழியே தலைத்தோலை இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுவையால் உதிரும் மயிர் தொடக்கத்தில், இழுவை நின்றால் மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வேர் தழும்பாகிவிடும். பின் உலகின் எந்த மருந்தும் அங்கே வேலை செய்யாது. மருந்து உள்ளே போகும், ஆனால் வாங்கிக்கொள்ள அங்கே வேர் இராது. அத்தகைய தாய் ஒருத்தி மகனை அனுப்பிப் போத்தல் வாங்குவிப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. கயிற்றின் கீழே தடித்த மெத்தைத் துணி வைக்கலாம். கயிறு ஒரே கோட்டில் அழுந்தாமல் நாளுக்கு நாள் இடம் மாற்றலாம். இறுகக் கட்டிய கொண்டையின் மேலே கயிற்றைப் போடாதிருக்கலாம். தோளில் மாட்டும் பட்டி வைத்த கூடை செய்வது பெரிய பொறியியல் அன்று. தொழிற்சங்கங்கள் சம்பளத்தைக் கேட்கும் மேசையில் இதையும் ஒரு வரியாகக் கேட்டால் என்ன?

மற்றது இரத்தம். பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்திலும், கடுங்காய்ச்சலின் பின்னும் கொத்துக் கொத்தாய்ச் சீப்பில் வரும் மயிர் பெரும்பாலும் தானே திரும்பும். அதற்கு மருந்து வேண்டியதில்லை. ஓயாமல் உதிர்ந்துகொண்டேயிருந்தால், முகமும் வெளிறிப் படியேற மூச்சு வாங்கினால், இரத்தச் சோகை உண்டா என்று சோதிக்க வேண்டும். இரும்புச் சத்து குறைந்த உடல் மயிருக்குக் கடைசியாகத்தான் பங்கு வைக்கும். இங்கே நம் மலைநாட்டின் ஒரு விந்தை இருக்கிறது. நாம் ரொட்டியோடும் சோற்றோடும் சேர்த்துக் குடிக்கும் சாயத் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடலிற் பிடித்துவைத்து, உடலிற் சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது. உலகுக்குத் தேநீர் அனுப்புகிறவர்களின் உணவிலிருந்தே தேநீர் இரும்பைத் திருடுகிறது! தேநீரை விட்டுவிடச் சொல்லவில்லை; சொன்னாலும் யார் கேட்பார்கள்? சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கீரையோடு தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ சேருங்கள். அவற்றின் உயிர்ச்சத்து இரும்பைக் குடலுக்குள் ஏற்றிவிடும். கிளினிக்கிற் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். தலையில் எதையும் உட்புகச் செய்வதற்கு முன், வயிற்றில் இது உட்புகுகிறதா என்று பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இரண்டு கையில் உள்ளன. மொட்டையடித்தால் மயிர் அடர்ந்து வளருமா என்பது ஒன்று. நேர்த்திக்காக மொட்டையடிப்பவர் நேர்த்திக்காக அடிக்கட்டும். வேர்களின் எண்ணிக்கை கத்தியால் மாறாது. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் தடித்தது போலத் தோன்றும், அவ்வளவே.

மற்றொன்று தேங்காயெண்ணெயைப் பற்றியது. பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணெய் வைத்த தலையில் மருந்து பூசலாமா, அல்லது எண்ணெயை அறவே விட வேண்டுமா என்று. எண்ணெயை விட வேண்டாம் ஐயா. தேங்காயெண்ணெய் மயிருக்குள்ளேயே ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் மும்பையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அது மயிர்த் தண்டுக்கு நன்மை, வேருக்கு மருந்தன்று. எண்ணெய்ப் படையின் மேலே மருந்தை விட்டால் மருந்து எண்ணெயோடு மிதந்து நிற்கும். ஆகவே மருந்து முதலில், காய்ந்த தலையில். நான்கு மணி நேரம் கழித்து வேண்டுமானால் எண்ணெய், அதுவும் மயிரின் நீளத்துக்கு. நம் ஊர் நாலாயிரம் அடிக்கு மேலே இருப்பதால் காலையில் எண்ணெய் போத்தலுக்குள் வெண்ணெயாய் உறைந்து நிற்கும். அதை அடுப்பில் வைக்க வேண்டாம். போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்திற் சிறிது நேரம் நிறுத்தி வைத்தாற் போதும்.